பல்கனிச் செவ்வரத்தை: மொட்டு வருகிறது, விரியாமலே விழுகிறது

மூன்றாம் மாடி (வெள்ளவத்தை) கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். செடி வளர்ப்பில் எனக்குப் பெரிய அனுபவம் கிடையாது, கறிவேப்பிலையே இரண்டு முறை பட்டுப்போன வீடு இது. மாசி மாதம் பத்தரமுல்லைப் பக்கம் ஒரு செடிக் கடையில் ஒரு செவ்வரத்தை வாங்கினேன், அடுக்குப் பூ, கடும் சிவப்பு. வாங்கும்போது 5 பூ விரிந்திருந்தது, அதைப் பார்த்துத்தான் ஏமாந்தேன் என்று நினைக்கிறேன். முதல் இரண்டு மாதம் நன்றாகப் பூத்தது. பிறகு குறைந்தது. நல்லூர்த் தேருக்கு ஊருக்குப் போய் 10 நாள் நின்றுவிட்டு வந்தேன், பக்கத்து வீட்டுப் பொடியனிடம் தண்ணீர் ஊற்றச் சொல்லியிருந்தேன், அவன் ஊற்றினானோ இல்லையோ கடவுளுக்குத்தான் தெரியும். வந்ததிலிருந்து மொட்டு வருகிறது, கடலை அளவுக்குப் பெருக்கிறது, பிறகு மஞ்சளாகி ஒரு நாள் காலையில் நிலத்தில் கிடக்கிறது. கீழ் இலைகளும் மஞ்சள். தண்டில் எறும்பு வரிசையாக ஏறுகிறது, இலைக் கணுவில் பஞ்சு மாதிரி வெள்ளையாக ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பல்கனி கடல் பக்கம் பார்த்தது. மத்தியானம் ஒரு மணிக்குப் பிறகுதான் வெய்யில், ஆனால் பொழுது சாயும் மட்டும் கொளுத்தும். சாடி வாங்கிய அதே கறுப்புப் பிளாஸ்டிக் சாடிதான், 8 அங்குலம் இருக்கும்.

இன்னொரு விஷயம். அம்மாவுக்கு இந்த இலையை அரப்போடு சேர்த்து முழுக ஆசை. சித்தப்பா ஒருவர் பூவை அவித்துக் குடித்தால் பிரஷர் இறங்கும் என்கிறார். அம்மா ஏற்கெனவே பிரஷர் குளிசை எடுப்பவர். தங்கச்சி 4 மாதக் கர்ப்பம், அவளும் இந்த வீட்டில்தான் இருக்கிறாள். எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது?

முட்டைக்கோது (கல்கிசை) எழுதியது:

முட்டைக் கோதை இடித்துப் போடுங்கள், தேயிலைச் சக்கையும் போடுங்கள், ஒரு மாதத்தில் பாருங்கள். எங்கள் வீட்டில் அதுதான் போடுகிறோம், பூ அள்ளுகிறது.

தெகிவளை அக்கா எழுதியது:

தம்பி முட்டைக்கோது, உங்கள் செடி நிலத்தில் நிற்கிறதா சாடியில் நிற்கிறதா என்று முதலில் சொல்லுங்கள். நிலத்தில் நிற்கும் செவ்வரத்தைக்கு எதைப் போட்டாலும் பூக்கும், ஒன்றும் போடாவிட்டாலும் பூக்கும். முட்டைக் கோது கரைய மாதக் கணக்காகும், அதில் வருவது சுண்ணாம்புச் சத்து. செவ்வரத்தைக்குக் கொஞ்சம் புளிப்பான மண்தான் பிடிக்கும். சாடியில் சுண்ணாம்பைக் கூட்டிக்கொண்டே போனால் இரும்புச் சத்து இருந்தும் செடியால் எடுக்க முடியாமல் இளம் இலைகள் வெளிறும், நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும்.

மூன்றாம் மாடித் தங்கச்சி, உங்களுக்கு வருகிறேன். எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். முதலில் பசளை, மருந்து எல்லாவற்றையும் மறந்துவிட்டு, விழுந்த மொட்டு ஒன்றை எடுத்து நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே சின்ன வெள்ளைப் புழுவோ, ஊசி முனை அளவில் ஓடும் பூச்சியோ இருந்தால் பூச்சி வேலை. அப்படியென்றால் விழுந்த மொட்டுகளைச் சாடியிலேயே விடாமல் பொறுக்கிப் பையில் கட்டி எறியவேண்டும், அதுதான் பாதி வைத்தியம், இல்லாவிட்டால் அது மண்ணில் இறங்கித் திரும்பவும் ஏறும். உள்ளே சுத்தமாக இருந்தால் தண்ணீர்தான். என் ஊகம் தண்ணீர். 8 அங்குலச் சாடி, மேற்கு வெய்யில், கடல் காற்று, 10 நாள் பொடியன் பராமரிப்பு. ஒருமுறை நன்றாகக் காய்ந்த செவ்வரத்தை முதலில் கைவிடுவது மொட்டைத்தான், இலையைப் பிறகுதான். நீங்கள் திரும்பி வந்து பாவம் பார்த்து ஒரு வாளி ஊற்றியிருப்பீர்கள், அதுவும் அதற்கு அதிர்ச்சிதான். அடுக்குப் பூ இனங்கள் ஒற்றைப் பூவைவிட இந்த விஷயத்தில் இன்னும் ரோசம் கூடியவை, சின்னக் காரணத்துக்கும் மொட்டைப் போட்டுவிடும்.

விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் பட்டால் ஊற்ற வேண்டாம், படாவிட்டால் அடியால் வழியும் மட்டும் ஊற்றுங்கள். மழையில்லாத நாளில் உங்கள் பல்கனிக்கு தினமும் காலையில் தேவைப்படும், மாசி பங்குனியில் மாலையிலும் தேவைப்படலாம். மேல் மாடிக் கூரை இருப்பதால் மழை பெய்கிற நாளிலும் சாடிக்குள் ஒரு துளி விழாமல் இருக்கலாம், வெளியே கொட்டுகிறது என்று நம்பி விட்டுவிடாதீர்கள்.

சாடியின் கீழே தட்டு வைத்திருக்கிறீர்களா? வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள், அல்லது மணலால் நிரப்புங்கள். வேர் அழுகுவது ஒரு பக்கம், நுளம்புக் குடம்பி இருந்தால் டெங்கு பரிசோதனைக்கு வருகிறவர்கள் செடியைப் பார்க்கமாட்டார்கள், தட்டைத்தான் பார்ப்பார்கள்.

பஞ்சு மாதிரி இருப்பது மாவுப்பூச்சி. அது சாறு குடித்து இனிப்பாகக் கழிக்கும், அதற்காக எறும்பு அதைப் பால்மாடு மாதிரிக் காவல் காக்கும். எறும்பை விட்டுவிட்டுப் பூச்சியை மட்டும் அடித்தால் திரும்ப வரும். அதனால் முதலில் எறும்பு ஏறும் வழியை அடைத்துவிடுங்கள், செடியின் ஒரு கிளைகூடக் கம்பியிலோ சுவரிலோ முட்டாமல் திருப்பி வையுங்கள். பிறகு குளியலறைக்குக் கொண்டுபோய் இலையின் அடிப்பக்கம் நன்றாகத் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள், கணுவில் இருப்பதைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள். ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெய், பாத்திரம் கழுவும் திரவம் நாலு துளி, நன்றாகக் குலுக்கி வெய்யில் இறங்கிய பிறகு அடியுங்கள், கிழமைக்கு ஒருமுறை, மூன்று நாலு கிழமை. வெய்யிலில் அடித்தால் இலை கருகும், நான் கருக்கியிருக்கிறேன்.

கழுவுவதில் இன்னொரு நன்மை, கடல் காற்று கொண்டுவந்து படிக்கும் உப்பும் போகும். உங்கள் இலைகளின் ஓரம் காய்ந்து கபில நிறமாக இருக்கிறதா? இருந்தால் அது உப்பு.

சாடி மாற்றத்தான் வேண்டும். 12 அல்லது 14 அங்குலம், அடியில் துளை தாராளமாக இருக்கவேண்டும். மேல்மண் ஒரு பங்கு, கொம்போஸ்ட் ஒரு பங்கு, தும்புத்தூள் ஒரு பங்கு, கொஞ்சம் ஆற்று மணல். தும்புத்தூளை இரண்டு மூன்று தரம் நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்துவிட்டுப் போடுங்கள், சிலவற்றில் உப்பு இருக்கும். நான் முதல் வருடம் கழுவாமல் போட்டு மூன்று செடியைப் பலி கொடுத்தேன், அந்த நேரம் விதியைத்தான் குறை சொன்னேன்.

பசளை விஷயத்தில் ஒன்று மட்டும் சொல்கிறேன். பூக்க வேண்டுமென்றால் பொஸ்பரஸ் கூடிய பசளை, எலும்புத்தூள் என்று கடையில் தருவார்கள். ரோசாவுக்குச் சரி. செவ்வரத்தைக்கு பொஸ்பரஸ் குறைவாகவும் பொட்டாசியம் கூடுதலாகவும் இருப்பதுதான் நல்லது. சாடிக்கு அல்பேர்ட் கரைசல் என்று விற்கும் கலவைப் பசளையை, பைக்கற்றில் எழுதியிருக்கும் அளவில் பாதிக்குக் கலந்து இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஊற்றினாலே போதும். செடி வாடியிருக்கும்போது எதையும் போடாதீர்கள், முதலில் தேறட்டும்.

மருந்துக்கடை அனுபவம் எழுதியது:

முப்பது வருடத்துக்கு மேல் மருந்துக் கடையில் நின்றவன், செடியைப் பற்றி எனக்குத் தெரியாது, அக்கா சொன்னதைக் கேளுங்கள். குடிக்கும் விஷயம் பற்றி மட்டும் சொல்கிறேன்.

உங்கள் சித்தப்பா இரண்டு செடியைக் குழப்புகிறார், அவர் மட்டுமல்ல, பாதிப் பேர் குழப்புகிறார்கள். பிரஷருக்கு நல்லது என்று பெட்டியில் வரும் சிவப்புப் புளிப்புத் தேநீர் உங்கள் பல்கனியில் நிற்கும் செவ்வரத்தை இல்லை. அது புளிச்சைக் கீரை இனம், அதன் பூவிதழைக்கூட எடுப்பதில்லை, பூ உதிர்ந்த பிறகு காயைச் சுற்றித் தடித்து நிற்கும் சிவப்புப் புல்லியைத்தான் காயவைக்கிறார்கள். அதற்கு இரத்த அழுத்தத்தைக் கொஞ்சம் குறைக்கும் தன்மை உண்டு என்று மனிதரில் செய்த ஆய்வுகள் இருக்கின்றன. அதனால்தான் ஏற்கெனவே குளிசை எடுக்கிறவர் அதைத் தினமும் குடிக்கத் தொடங்கினால் அழுத்தம் அளவுக்கு மீறி இறங்கித் தலை சுற்றலாம். அம்மாவின் கிளினிக்கில் சொல்லிவிட்டுத்தான் எதையும் தொடங்க வேண்டும். குளிசையை நிறுத்திவிட்டுப் பூவை அவிப்பது கூடவே கூடாது, அப்படிச் செய்துவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வீட்டுச் செவ்வரத்தைப் பூவை எப்போதாவது வெந்நீரில் போட்டுத் தேசிக்காய் பிழிந்து குடிப்பது வேறு. தேசிக்காய் விழுந்ததும் மங்கல் நிறம் பளிச்சென்று சிவக்கும், பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், அமிலம் காரம் பார்க்கப் பள்ளிக்கூடத்தில் இதே பூவைத்தான் பிழிவார்கள்.

கர்ப்பமாக இருக்கும் உங்கள் தங்கச்சிக்கு வேண்டாம். பூவோ தேநீரோ எதுவும் உள்ளுக்குக் கொடுக்க வேண்டாம். கர்ப்பத்தைத் தடுக்க இந்தப் பூவைப் பாவித்த பழைய வழக்கம் உண்டு, எலிகளில் செய்த சோதனைகளிலும் அந்தப் பக்கம் விளைவு கண்டிருக்கிறார்கள். பூவைத் தலையில் சூடுவதால் ஒன்றும் ஆகாது.

தெகிவளை அக்கா எழுதியது:

அண்ணா சொன்னது சரி. முழுகுவது பற்றி நான் சொல்லிவிடுகிறேன். இலையை நசுக்கினால் வரும் வழுவழுப்புத்தான் அதன் வேலை, அழுக்கையும் எண்ணெயையும் இழுத்துக்கொண்டு போகும், முடி மிருதுவாக நிற்கும். அம்மம்மா காலத்தில் கிணற்றடியில் கல்லில் தேய்த்து அரப்போடு கலந்து வைப்பார்கள். இப்போது கிரைண்டரில் அரைத்தால் துணியில் வடித்துவிட்டு வையுங்கள், இல்லாவிட்டால் பச்சைத் தூளைத் தலையிலிருந்து பொறுக்குவதற்கு இன்னொரு நாள் வேண்டும். முடி கொட்டுவதை நிறுத்தும், வழுக்கையில் முளைக்கும் என்றெல்லாம் நான் சொல்லமாட்டேன். முதல் முறை காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவி ஒரு நாள் பாருங்கள், சிலருக்குக் கடிக்கும்.

ஆனால் இந்தச் செடியில் இப்போது பறிக்காதீர்கள். கடையில் விற்கும் செடிகளுக்கு இலைக்குள் ஊறி நிற்கும் மருந்து அடித்திருக்கலாம், அது கழுவினால் போகாது. நீங்கள் வாங்கி ஆறு மாதம் ஆகிவிட்டதால் பெரிய பயமில்லை, என்றாலும் வந்திருக்கும் இலைகள் பூச்சி பிடித்தவை, மேலும் வேப்பெண்ணெய் அடிக்கப் போகிறீர்கள். தவிர 8 அங்குலச் சாடிச் செடியில் முழுக்குக்கு இலை பறித்தால் பிறகு அதில் என்ன மிஞ்சும்?

கொட்டாஞ்சேனை ரெத்தினம் எழுதியது:

இலைக்கு வேலியில் நிற்கும் சாதாரண ஒற்றைச் சிவப்பில் ஒரு கம்பு வாங்கி ஊன்றுங்கள், அது போதும். பென்சில் மொத்தம், பச்சையும் இல்லாமல் மரமும் இல்லாமல் நடுவான கம்பு, ஒரு சாண் நீளத்துக்குக் கொஞ்சம் குறைவாக, கணுவுக்குக் கீழே சரிவாக வெட்டி, மேல் இரண்டு இலையைப் பாதியாக நறுக்கிவிட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். மணலும் தும்புத்தூளும் சமமாகப் போட்ட யோகட் கோப்பையில் குத்தி, மேலே ஒரு பொலித்தீன் பையைக் கவிழ்த்து நிழலில் வைத்தால் ஒன்றரை மாதத்தில் வேர் பிடித்துவிடும். ஐந்து ஊன்றினால் மூன்று பிழைக்கும்.

கம்பைக் கேட்டு வாங்குங்கள். எங்கள் ஒழுங்கையில் விடிய ஐந்தரைக்கே பூசைக்கென்று மதிலுக்கு மேலால் கையைவிட்டுப் பூப் பறிக்கும் ஒரு கூட்டம் இருக்கிறது, சாமி கேட்டாராம். என் செடியில் ஒரு பூ நான் விரிந்து பார்த்து வருடமாகிறது.

பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா இந்தப் பூவை வீட்டு முன்னால் வைக்கவே மாட்டார். வத மல் என்பார்கள், அந்தக் காலத்தில் கொலைக்களத்துக்குக் கொண்டுபோகிறவனுக்கு மாலையாகப் போட்ட பூவாம். நமக்கு அம்மன் பூ. ஒரு மதிலுக்கு இந்தப் பக்கம் ஒரு கதை, அந்தப் பக்கம் இன்னொரு கதை.

மூன்றாம் மாடி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு பதில் எதிர்பார்க்கவில்லை. நாலு மொட்டைப் பிளந்து பார்த்தேன். மூன்றில் ஒன்றுமில்லை, ஒன்றில் மட்டும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இரண்டு ஓடியது. ஆக அக்கா சொன்ன மாதிரித் தண்ணீர்தான் பெரிய காரணம் போல. மண்ணில் விரலை விட்டால் மேலே ஈரம், உள்ளே தூள் தூளாகக் காய்ந்திருக்கிறது, ஊற்றுகிற தண்ணீர் ஓரத்தால் வழிந்து நேரே தட்டுக்குப் போயிருக்கிறது. தட்டை எடுத்துவிட்டேன் (உள்ளே குடம்பி இருந்தது, வெட்கமாகத்தான் இருக்கிறது). சாடியை வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் இறக்கி வைத்தேன், குமிழி குமிழியாக வந்தது.

சித்தப்பாவிடம் இரண்டு செடி என்று சொன்னேன், அப்படியா என்று கேட்டுவிட்டு வேறு ஏதோ இலையைப் பற்றிச் சொல்லத் தொடங்கிவிட்டார்.

ஒரு கேள்வி மிச்சம். சாடியை இப்போதே மாற்றவா, ஒக்டோபர் மழை மட்டும் பொறுக்கவா? நீண்டுபோன கிளைகளை வெட்டலாமா?

தெகிவளை அக்கா எழுதியது:

ஒரேயடியாக எல்லாம் செய்யாதீர்கள், அதுதான் ஆர்வக்காரர்கள் செடியைக் கொல்லும் வழி. இந்த மூன்று நாலு கிழமை பூச்சியும் தண்ணீரும் மட்டும். புதுத் துளிர் கண்டதும் சாடி மாற்றுங்கள், ஒக்டோபரில் வெய்யில் தணிந்து மழையும் இருக்கும், அது நல்ல நேரம். வேர்க்கட்டியை உடைக்க வேண்டாம், சுற்றிச் சுருண்டிருப்பதை மட்டும் விரலால் தளர்த்துங்கள். மாற்றி இரண்டு கிழமைக்குப் பிறகு நீண்ட கிளைகளில் மூன்றிலொரு பங்கு வெட்டுங்கள், வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்குச் சற்று மேலே. பூ புதுக் கிளையில்தான் வரும், அதனால் வெட்டிய பிறகு இரண்டு மூன்று மாதம் பூ இல்லையே என்று இங்கே வந்து திரும்பவும் கேட்கக்கூடாது.

வெட்டிய கம்பை எறியாமல் ரெத்தினம் அண்ணா சொன்ன மாதிரி ஊன்றுங்கள். ஒன்று பிடித்தால் எனக்கு. அடுக்குச் சிவப்பு என்னிடம் இல்லை.