பொருள்: பிரவுன்ஃபீல்டுக்குப் ‘பழுப்பு நிலம்’ வேண்டாம், ‘ஆலைத்தரிசு’ எப்படி?

வணக்கம்.

பிரவுன்ஃபீல்டு, அதாவது தொழில் நடந்து கைவிடப்பட்டு, மாசு இருக்கலாம் என்ற ஐயத்தோடு கிடக்கும் இடம், அதற்கும் அது சார்ந்த சொற்களுக்கும் தமிழ் தேடும் இந்த இழையை மூன்று நாளாகப் படித்துவிட்டுச் சும்மா இருந்தேன். ‘பழுப்பு நிலம்’ என்றே முடிவாகிவிடும் போலத் தெரிந்ததால் எழுதுகிறேன். தயவுசெய்து வேண்டாம். கிரீன்ஃபீல்டைப் ‘பசுமை’ ஆக்கி நாம் பட்டது போதாதா? பரந்தூரில் வரப்போவதைப் பத்திரிகைகள் ‘பசுமை விமான நிலையம்’ என்று எழுத, எங்கள் ஊர் டீக்கடையில் ஒருவர் “நிறைய மரம் வைப்பாங்க போல” என்றார். வயலையும் ஏரியையும் எடுத்துப் புதிதாகக் கட்டுவது என்று அந்தச் சொல்லிலிருந்து அவருக்கு எப்படித் தெரியும்? பழுப்பும் அப்படித்தான். ராமநாதபுரம் கரையில் சித்திரை மாதம் வந்து பாருங்கள், எந்த நிலம் பழுப்பாக இல்லை என்று தேட வேண்டும்.

இழையில் வந்த இன்னொரு சொல்லான ‘மாசுநிலம்’ அதைவிட நல்லது, ஆனால் பொருள் பொருந்தவில்லை. அமெரிக்காவில் 2002இல் வந்த பிரவுன்ஃபீல்டு சட்டத்தின் வரையறையில் மாசு உறுதியாக இருக்க வேண்டும் என்று இல்லை. இருக்கலாம் என்ற ஐயத்தினாலேயே ஓர் இடத்தை மறுபடி பயன்படுத்துவது சிக்கலானால் போதும். அப்படி நாலரை லட்சத்துக்கும் மேல் அங்கே இருப்பதாக அவர்களுடைய சுற்றுச்சூழல் முகமை கணக்குச் சொல்கிறது, மூடிப்போன பெட்ரோல் பங்க், டிரை கிளீனிங் கடை மாதிரிச் சின்ன இடங்களும் அதில் சேர்த்தி. ராணிப்பேட்டையில் மூடிப்போன ஆலை விட்டுப்போன குரோமியக் குவியலும் கொடைக்கானலில் தெர்மாமீட்டர் ஆலை விட்ட பாதரசமும் வேறு கணக்கு. அங்கே ஐயத்துக்கே இடமில்லை, மாசுநிலம் என்றே எழுதலாம். மாசுபட்ட இடங்களுக்காக மத்திய அரசு 2025 ஜூலையில் கொண்டுவந்த விதிகளும் முக்கியமாக அந்த வகையைப் பற்றியவை.

எங்கள் பக்கத்து உதாரணம் சொல்கிறேன். வாலிநோக்கத்தில் ஒரு காலத்தில் கப்பல் உடைத்தார்கள். கப்பல் உடைக்கிற எந்த இடத்திலும் கல்நாரும் ஈயப் பெயின்ட்டும் கழிவெண்ணெயும் மண்ணில் விழக்கூடும், அது தெரிந்த கதை. ஆனால் ஒரு குறிப்பிட்ட கரையில் இன்று என்ன மிச்சம் இருக்கிறது என்பது மண்ணெடுத்துச் சோதித்தால்தான் தெரியும். சோதிக்கும் முன்பே ‘மாசுநிலம்’ என்று பலகை வைத்தால் ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், வரத்தான் வேண்டும். அந்தக் கரையில் இறங்கும் மீனை அப்புறம் யார் வாங்குவார்?

அதனால் என் பரிந்துரை ‘ஆலைத்தரிசு’. தரிசு என்றால் பாழ் அல்ல. அடங்கலில் (கிராமத்துப் பயிர்க் கணக்கில்) ‘நடப்புத் தரிசு’ என்று எழுதினால் இந்த வருஷம் பயிர் வைக்கவில்லை என்றுதான் பொருள், நிலம் செத்துவிட்டது என்றல்ல. சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்த எங்கள் கொல்லையைக்கூட என் தாத்தா தரிசு என்றுதான் சொல்வார், பாழ் என்று யாராவது சொல்லிவிட்டால் கோபம் வந்துவிடும். உழவைச் சொல்லும் சொல்லைத் தொழிலுக்கு இழுப்பது புதிதும் இல்லை. ஜெர்மன்காரர்கள் இதை ‘இண்டஸ்ட்ரீபிராஹே’ என்கிறார்கள், பிரெஞ்சில் ‘ஃப்ரீஷ் அண்டுஸ்த்ரியெல்’. பிராஹே, ஃப்ரீஷ் இரண்டுமே உழாமல் விட்ட நிலம். இந்த மூன்றில் நிறத்துக்குப் போனது ஆங்கிலம் மட்டும்தான்.

ரெமெடியேஷனுக்கு, அதாவது கெட்ட மண்ணைச் சரிசெய்யும் வேலைக்கு, ‘மாசகற்றல்’ என்று இழையில் எழுதியிருந்தீர்கள். எல்லா இடத்திலும் அகற்றுவதில்லையே. ஜெர்மனியின் டூயிஸ்பர்க்கில் 1985இல் மூடிய இரும்பாலையைப் பூங்கா ஆக்கியபோது, நச்சு அதிகமான மண்ணை அங்கேயே பழைய கிடங்கு அறைகளுக்குள் வைத்து மூடிவிட்டார்கள். (வாயுத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி அதில் முக்குளிக்கவும் செய்கிறார்கள். கீழக்கரையில் சங்கு குளித்தவர்களிடம் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.) ‘மண்மீட்பு’ என்றாலோ போராட்ட அறிவிப்பு மாதிரி இருக்கிறது. நான் ‘மண்தேற்றல்’ என்பேன். கலங்கிய தண்ணீரைத் தேற்றாங்கொட்டை தேற்றுகிறது, காய்ச்சலில் கிடந்த பிள்ளை தேறுகிறது, வலை இழுத்தால் எவ்வளவு தேறும் என்று கேட்கிறோம். நிலத்தையும் “இது தேறுமா?” என்றுதானே கேட்போம்?

* * *

மறுமொழி:

தம்பி, தரிசு சரி. ஆலைதான் இடிக்கிறது. தொண்டிப் பக்கம் கைவிட்ட இறால் பண்ணைக் குட்டை கிடந்தால் அது ஆலையா? கடலோர இறால் பண்ணைகளுக்கு எதிராக உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்புச் சொன்னது, அந்த மாதிரி உவர் ஏறிய நிலத்தை எதில் சேர்ப்பாய்? ‘தொழில்தரிசு’ என்று வைத்துக்கொள்ளேன். இன்னொன்று, கம்யூனிட்டி பார்ட்னர்ஷிப்புக்கு, அதாவது ஊர்க்காரர்களையும் சேர்த்துக்கொண்டு வேலை செய்வதற்கு, ‘ஊர்ப்பங்கு’ என்று போன மடலில் எழுதியிருந்தாய். தங்கச்சிமடத்தில் பங்கு என்றால் கத்தோலிக்கக் கோயில் பங்கு, ஒரு பாதிரியார் கீழ் வரும் வட்டாரம். சாமியாரிடம்தான் கையெழுத்து வாங்கச் சொல்வார்கள்!

* * *

மறுமொழி:

அண்ணே, தொழில்தரிசு என்று எழுதினால் சந்தி தெரிந்தவர்கள் ‘தொழிற்றரிசு’ என்று திருத்திவிடுவார்கள், அதை யார் வாயில் நுழைப்பது? ஆனால் இறால் குட்டை நியாயமான கேள்விதான். அதைப் ‘பண்ணைத்தரிசு’ என்று தனியாக வைக்கலாம். உவர் ஏறிய மண்ணைத் தேற்றும் வேலையும் வேறு, எண்ணெய் ஊறிய மண்ணைத் தேற்றும் வேலையும் வேறு. தரிசு பொதுவாக இருக்கட்டும், முன்னால் எது வருகிறது என்பதை இடம் சொல்லட்டும்.

ஊர்ப்பங்கை நான் விடுவதாக இல்லை. படகில் பங்கு என்றால் மீன் விற்ற காசை எண்ணிப் பிரிப்பது: படகுக்கு இவ்வளவு, வலைக்கு இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவு. ‘சமூகக் கூட்டாண்மை’ என்றால் மண்டபத்தில் ஒரு கூட்டம், பொட்டலம், வருகைப் பதிவேட்டில் கையெழுத்து, அவ்வளவுதான். அந்தக் கூட்டங்களில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். தேற்றிய இடத்தில் ஏலக்கூடமா, வலை காயப்போடும் திடலா, ரிசார்ட்டா என்பதில் ஊருக்கு எத்தனை பங்கு என்று கேட்க வைக்கிற சொல்தான் எனக்கு வேண்டும். சாமியார் கையெழுத்தும் இருந்துவிட்டுப் போகட்டும், ஜமாத் தலைவர் கையெழுத்தும் சேர்த்து.

கேப்பிங்குக்கு ஒருவர் ‘மூடாக்கு’ என்று போட்டிருந்தார். அது இலை, தழை, வைக்கோல் பரப்புவதற்கு விவசாயிகள் ஏற்கெனவே வைத்திருக்கும் சொல், மண்ணை வளமாக்கும் வேலை. நச்சு மண்ணுக்கு மேல் களிமண் போட்டு அடைப்பதற்கு அதை எடுக்க வேண்டாம். வேறு யோசனை இருந்தால் சொல்லுங்கள்.