ரெண்டாவது பெத்துக்கோன்னு சொல்றவங்க, யாரு பாத்துக்கிறதுன்னும் சொல்லுங்க

செல்லூர்க்காரி:
2025 மார்ச்சுல முதல்வர் ஸ்டாலின் ஒரு கல்யாணத்துல, புதுசா கட்டிக்கிட்டவங்க உடனே புள்ள பெத்துக்கோங்கன்னு சொன்னாருல்ல, ஜனத்தொகைய வச்சு தொகுதி பிரிச்சா நம்ம எம்பி சீட்டு கொறஞ்சுரும்னு. அதுலருந்து சொந்தக்காரங்க குரூப்புல ஆளாளுக்கு என்னையத்தான் கேக்குறாங்க, ரெண்டாவது எப்பன்னு. நான் மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில பில்லிங். 2017ல திருத்துன மகப்பேறு சட்டப்படி 26 வாரம் சம்பளத்தோட லீவு. எனக்கு கெடச்சது ரெண்டு மாசம், சம்பளம் இல்லாம, அதுக்கு மேல வரலைன்னா வேற ஆள் போட்டுக்குவோம்னாங்க. 50 பேர் வேலை பாத்தா அங்க குழந்தைகள் காப்பகம் இருக்கணும்னும் அதே சட்டத்துல இருக்கு, எங்களுக்கு உக்கார ஸ்டூலே கெடையாது. அரசு ஊழியருக்கு 2021லருந்து 12 மாசம். அவங்களுக்கும் எனக்கும் ஒடம்பு ஒண்ணுதானே?

திருமங்கலத்தான்:
தங்கச்சி, கோவிச்சுக்காதம்மா. உனக்கு நடந்தது அநியாயம்தான், ஆனா லீவு குடுத்தா புள்ள பெருகிரும்னு சொல்லாத. ஸ்வீடன்ல 480 நாள் குடுக்குறாங்க, அங்கயும் ஜனத்தொகை கொறையாம இருக்க ஒரு பொண்ணுக்கு 2.1 புள்ள வேணும்ன்ற கணக்குக்கு கீழதான். தென்கொரியா அவ்வளவு பணத்தக் கொட்டியும் 2023ல 0.72. நம்ம தமிழ்நாடு 2019-21 குடும்பநல சர்வேல 1.8. காசு இல்லம்மா விஷயம், வீடு. எங்க அப்பத்தா வீட்டுல பேரப்புள்ளைக ஒம்பது பேரு, ஒருத்தன் அழுதா எந்த சித்தி கைல இருக்கான்னே தெரியாது, எல்லாருக்கும் ஒரே சட்டி சோறு, அப்படி வளந்தோம். இப்ப தாலி கட்டுன கையோட தனிக்குடித்தனம், அப்பறம் புள்ளயப் பாக்க ஆள் இல்லைன்னு அரசாங்கத்தக் கேட்டா எப்படி?

உசிலம்பட்டி டீச்சர்:
அண்ணே, கூட்டுக்குடும்பத்தப் பத்தி நீங்க சொல்றது ஒரு பக்கம்தான். 80கள்ல எங்க பக்கம் பொறந்த பொம்பளப் புள்ளைக்கு கள்ளிப்பால் குடுத்தது தனிக்குடித்தனத்துலயா? மாமியா, கொழுந்தியா எல்லாரும் இருந்த வீட்டுலதான். பெத்தவளுக்கு அங்க வாய் தொறக்க முடியல. 1992ல சேலத்துல, வேணாம்ன்ற புள்ளைய அரசாங்கத் தொட்டில்ல விட்டுட்டுப் போகலாம்ன்ற தொட்டில் குழந்தைத் திட்டம் வந்து, 2001ல மதுரைக்கும் வந்துச்சு. அதே 1992ல பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டம், புள்ள பேர்ல டெபாசிட், ஆனா அதுக்கு கருத்தடை ஆபரேஷன் பண்ணிருக்கணும்னு விதி. கொறைச்சுக்கோன்னு சொன்னதும் அரசாங்கம்தான், இப்ப கூட்டிக்கோன்னு சொல்றதும் அதுதான். பொறந்த புள்ளைக்கு என்ன செஞ்சாங்கன்னுதான் நான் பாப்பேன். 2022 செப்டம்பர் 15ல காலை உணவுத் திட்டம் ஆரம்பிச்சதே நம்ம மதுரையிலதான். அதுக்கு முன்னாடி திங்கக்கிழம பிரேயர்ல மயங்கி விழுகும் ரெண்டு மூணு புள்ளைக, ஆத்தா ஆறு மணிக்கே களை எடுக்கப் போயிருக்கும், ராத்திரி சோறு மிஞ்சுனாத்தான் உண்டு. இப்ப பொங்கலோ உப்புமாவோ சாப்ட்டு வந்து ஒக்காருதுக, முதல் பீரியடே பாடம் எடுக்க முடியுது. இத எந்தச் சித்தியும் செய்யல அண்ணே.

திருமங்கலத்தான்:
டீச்சர், அந்தப் பாவத்த நான் மறுக்கல. சோறு போடுறதும் நல்ல காரியம், நானே சத்துணவு சாப்ட்டுப் படிச்சவன். ஆனா சாப்புட்டு வீட்டுக்குப் போற புள்ளகிட்ட பேச ஆள் வேணும்ல? ஒத்தப்புள்ளையா செல்போனோட ஒக்காந்திருக்கு, அண்ணன் தம்பி, அத்த மாமன்னு ஒறவே தெரியாம வளருது, அத எந்தத் திட்டத்துல குடுப்பீங்க?

செல்லூர்க்காரி:
அண்ணே, நான் தனிக்குடித்தனம்னு யாரு சொன்னா? அத்த எங்ககூடத்தான் இருக்காக. அவுகளுக்கு 61, முட்டி தேஞ்சு போச்சு, என் மூணு வயசு மகன் பின்னாடி மாடிப்படி ஏறி எறங்க முடியல. உங்க அப்பத்தா வீட்டுல ஒம்பது பேரையும் தூக்குன சித்திகள்ல யாராவது சம்பளத்துக்குப் போனாகளா? நான் போகலைன்னா வாடகை நிக்கும். பால்வாடி நல்லாத்தான் பாக்குறாங்க, குத்தம் சொல்ல மாட்டேன், ஆனா சாயங்காலம் பூட்டிருவாங்க, நான் கடைய விட்டு எறங்க ராத்திரி ஒம்போது. நடுவுல உள்ள நேரத்துக்கு யாராவது வழி சொல்லுங்க, ரெண்டாவதப் பத்தி அப்பறம் பேசலாம்.

திருமங்கலத்தான்:
உங்க தெருவுலயே நாலு வீடு சேந்து ஒரு அம்மாவுக்கு சம்பளம் குடுத்து பாக்கச் சொல்லலாமே, எங்க பக்கம் அப்படி பாக்குறாங்க.

செல்லூர்க்காரி:
கேட்டேன் அண்ணே. தலைக்கு 2500ன்றாக. என் சம்பளம் பதினோராயிரம்.