எல்லாவற்றிலும் ஃபெஸ்டூக்கா என்ற புல் இருக்கிறதே, இந்த மலைப் புல்வெளிகளை எப்படிப் பிரிக்கிறார்கள்?

கடலூர் மாணவி:
வணக்கம். புதுச்சேரியில் எம்.எஸ்ஸி. தாவரவியல் படிக்கிறேன். மத்தியதரைக் கடல் நாடுகளின் உயர்மலைப் புல்வெளிகளை வகைப்படுத்துவது பற்றி செமினார் எடுக்க வேண்டும். ஸ்பெயினின் சியரா நெவாடா மலையில் எந்த இடத்தில் எந்தச் செடி எவ்வளவு என்று காட்டும் அட்டவணையோடு மூன்று நாளாக உட்கார்ந்திருக்கிறேன், எங்கு பார்த்தாலும் ஃபெஸ்டூக்காதான். ஒரு பட்டியல் ஃபெஸ்டூசெட்டியா இண்டிஜெஸ்டே என்ற கிளாஸில், அதாவது தாவரக் கூட்டங்களின் பெரிய பிரிவில், வருகிறது, இன்னொன்று ஃபெஸ்டூகோ-ஓனோனிடெட்டியா, கிரீஸுக்குப் போனால் டாஃப்னோ-ஃபெஸ்டூசெட்டியா. எந்தப் புல் அதிகமோ அதன் பெயரை வைத்துவிட்டுப் போகலாமே? கட்டங்களில் 2.3 என்றும் + என்றும் போட்டிருப்பதும் புரியவில்லை.

களப்பணி, புதுவை:
தங்கச்சி, முதலில் எண்கள். செடிப் பட்டியலை வைத்துத் தாவரக் கூட்டங்களைப் பிரிக்கும் பிரவுன்-பிளாங்கே முறையில் முன்னால் இருக்கும் எண் அந்தச் செடி தரையை எவ்வளவு மூடியிருக்கிறது என்பது: 5 என்றால் முக்கால் பங்குக்கு மேல், 4 என்றால் பாதிக்கு மேல், 3 என்றால் கால் பங்கிலிருந்து பாதி வரை, 2 என்றால் 5 சதவீதத்திலிருந்து கால் பங்கு வரை, 1 அதற்கும் குறைவு, + என்றால் அங்கொன்று இங்கொன்று. புள்ளிக்குப் பின்னால் வருவது தனித்தனியாக நிற்கிறதா கொத்தாக நிற்கிறதா என்பது, பழைய அட்டவணைகளில்தான் அதிகம் பார்க்கலாம்.

இப்போது உங்கள் கேள்வி. அதிகமாக இருக்கும் புல்லை வைத்துப் பிரித்தால் ஏமாந்துபோவீர்கள். இந்த முறையில் தீர்மானிப்பது மொத்தப் பட்டியல், அதிலும் அந்தக் குழுமத்தை விட்டு வெளியே அதிகம் போகாத செடிகள், அவை ஒரு + மட்டுமே வாங்கியிருந்தாலும் சரி. சியரா நெவாடாவின் உச்சிப் பகுதி மைக்கா ஷிஸ்ட் பாறை, மண் அமிலத்தன்மை. அங்கே ஃபெஸ்டூக்கா கிளெமெண்டேய் நிற்கும், அது ஃபெஸ்டூசெட்டியா இண்டிஜெஸ்டே. அதே மலையின் ஓரத்தில், இன்னும் தாழ்வாக, டோலமைட், சுண்ணாம்பு. அங்கே ஃபெஸ்டூக்கா ஹிஸ்ட்ரிக்ஸும் ஓனோனிஸ் என்ற பயறுக் குடும்பச் செடி வகைகளும் சேர்ந்து வரும், அது நீங்கள் சொன்ன இரண்டாவது கிளாஸ், ஃபெஸ்டூகோ-ஓனோனிடெட்டியா. பேரினம் ஒன்று, பாறை வேறு, கூட்டாளிகள் வேறு. பெயரின் வாலையும் கவனியுங்கள், சிறிய பிரிவிலிருந்து பெரியது வரை: எட்டம் என்று முடிந்தால் அசோசியேஷன், அயன் அல்லயன்ஸ், எட்டாலியா ஆர்டர், எட்டியா கிளாஸ்.

அட்டவணையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இது மனதில் ஏறாது. தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு ஒரு கயிறும் நான்கு குச்சியும் எடுத்துப் போய், கட்டம் கட்டி உள்ளே நிற்கும் செடிகளை எழுதுங்கள்.

நீலகிரி ஆள், இப்போது வில்லியனூர்:
ஒன்றைச் சேர்க்கிறேன். செமினாரில் நம்ம சோலைப் புல்வெளியோடு ஒப்பிடச் சொல்வார்கள், அவசரப்படாதீர்கள். நீலகிரியில் கோடை முடிந்ததும் தென்மேற்குப் பருவமழை கொட்டும், உறைபனி டிசம்பர் ஜனவரியில். சியரா நெவாடா மாதிரி மத்தியதரை மலைகளிலோ குளிர்காலம் முழுக்கப் பனி மூடிக் கிடந்துவிட்டு, அது உருகியதும் செடி வளரத் தொடங்கும் வேளையில் கோடை வறட்சி வந்து நிற்கிறது. அதனால்தான் புல்லுக்கு நடுவே முள் மெத்தை மாதிரி உருண்டு திரண்ட குறுஞ்செடிகள் வருகின்றன. ஆல்ப்ஸ் வகைப்பாட்டை அப்படியே தெற்கே இழுக்க முடியாமல் தனிக் கிளாஸ்கள் வைக்க வேண்டி வந்ததும் இந்த வறட்சியால்தான்.

கடலூர் மாணவி:
அண்ணா, போய்விட்டு வந்தேன்! ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர், இரண்டு கட்டம். இரண்டிலும் அடப்பங்கொடி 3. ஆனால் கடலோரக் கட்டத்தில் அதோடு இராவணன் மீசை, மணலில் ஓடும் சின்னக் கோரை, வேறு எதுவும் இல்லை. சவுக்குத் தோப்பு ஓரக் கட்டத்தில் கொழிஞ்சி, நெருஞ்சி, அருகு. அடப்பங்கொடியை மட்டும் எழுதியிருந்தால் இரண்டையும் ஒன்றாகத்தான் போட்டிருப்பேன். அப்புறம் ஒரு சந்தேகம், சியரா நெவாடா அட்டவணையில் ஈரமான பள்ளங்களில் நார்டஸ் ஸ்ட்ரிக்டா என்று ஒரு புல் வருகிறதே, அதை உயர்மலை அடையாளமாக எடுக்கலாமா?

களப்பணி, புதுவை:
அருமை, அந்த இரண்டு கட்டத்தையும் முதல் ஸ்லைடில் போடுங்கள். நார்டஸை அப்படி எடுக்காதீர்கள். அது ஐரோப்பாவில் தாழ்நிலத் தரிசிலும் உண்டு, மலையிலும் உண்டு. விறைப்பான புல், ஆடு அதை விட்டுவிட்டு மற்றதை மேயும், அதனால் மேய்ச்சல் கூடிய இடத்தில் அதுவே பரவி நிற்கும். அந்தப் பள்ளங்களை அங்கே போரெகீலெஸ் என்பார்கள், பனி உருகும் நீர் தேங்கும் இடம். நார்டஸ் வரியை விட்டுவிட்டு அதற்குக் கீழே + வாங்கியிருக்கும் செடிகளைப் படித்துப் பட்டியலை இங்கே போடுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.