ஆறாம் வரிசையில் நின்ற யானை

ஜெயித்த செஸ் ஆட்டங்கள் பலவும் மறந்துவிட்டன. போன வருடம் ஒரு ரேட்டிங் (தரப் புள்ளி) போட்டியில் போட்ட டிரா மட்டும் நகர்த்தல் நகர்த்தலாக ஞாபகம் இருக்கிறது.

கல்யாண மண்டபத்தில் போட்டி. ஆளுக்கு ஒன்றரை மணி நேரம், நகர்த்தலுக்கு 30 விநாடி கூடுதல். எதிரே வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு சார், வெள்ளைக் காய் அவருக்கு. லண்டன் சிஸ்டம் ஆடினார். சிப்பாயை டி4 கட்டத்துக்கு, பிறகு பிஷப்பை எஃப்4 கட்டத்துக்கு என்று நிதானமாகக் காய்களை அடுக்கும் தொடக்க முறை. கிளப் ஆட்டக்காரர்களுக்கு ரொம்பப் பிடித்தது. நடு ஆட்டத்தில் என் ராணிப் பக்கத்தை நெருக்கி ஒரு சிப்பாயைப் பிடித்தார். அழகான ஆட்டம்.

அப்புறம் காய்க்குக் காய் வெட்டி வரிசையாக மாற்றிக்கொண்டே வந்தார். கடைசியில் அவரிடம் ராஜா, யானை, இ5-இல் ஒரு சிப்பாய். என்னிடம் ராஜாவும் யானையும்தான். பார்த்தால் தோற்கும் நிலை. ஆனால் இதற்கான தற்காப்பை பிரான்சின் செஸ் மேதை பிலிடோர் 1777-லேயே எழுதிவைத்திருக்கிறார். என் ராஜா இ8-இல், சிப்பாயின் வழியை மறித்து நிற்க வேண்டும். யானை, வெள்ளைப் பக்கத்திலிருந்து எண்ணினால் ஆறாம் வரிசையில் காவல் இருக்க வேண்டும். அது இருக்கும்வரை வெள்ளை ராஜா அந்த வரிசையில் கால் வைக்க முடியாது. சிப்பாயை இ6-க்குத் தள்ளினால் உடனே யானை முதல் வரிசைக்கு இறங்கிவிடும். பின்னாலிருந்து செக் மேல் செக். சிப்பாய் மேலே போய்விட்டதால் வெள்ளை ராஜாவுக்கு ஒதுங்க மறைவில்லை.

சார் விடவில்லை. யானையை இங்கும் அங்கும் மாற்றிப் பார்த்தார். நான் ஆறாம் வரிசையை விட்டு நகரவே இல்லை. இரண்டு பேருக்குமே கடிகாரத்தில் கூடுதல் விநாடிகள்தான் மிச்சம். கடைசியில் சிப்பாயைத் தள்ளினார். யானை கீழே இறங்கியது. சில செக்குகளுக்குப் பிறகு, "டிராவா தம்பி?" என்று கை நீட்டினார்.

வெளியே வராந்தாவில் பலகையை விரித்து உட்கார்ந்தோம். "இது எனக்குத் தெரியாதே, இன்னொரு தடவை காட்டுங்க" என்றார். அதற்குள் எட்டு, ஒன்பது வயதுப் பையன் ஒருவன் வந்து நின்றான். "தாத்தா, நீங்க குதிரையை மாத்தியிருக்கவே கூடாது. அது இருந்திருந்தா இவர் ரொம்பக் கஷ்டப்பட்டிருப்பார்" என்று காய்களைப் பழைய நிலைக்கு அடுக்கிக் காட்டினான். அவன் சொன்னது சரி. அந்தக் குதிரையோடு நாங்கள் மூன்று பேரும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோதே அடுத்த சுற்றின் ஜோடிப் பட்டியலைச் சுவரில் ஒட்டிவிட்டார்கள்.