புதுப்பிப்பு: பாரமட்டா சர்ச் தெருவில் கம்பி இல்லாமல் டிராம் ஓடுவது எப்படி?

பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி. சிட்னி நகர மையத்தின் ஜார்ஜ் தெருவைப் போலவே, மேற்கு சிட்னியில் உள்ள பாரமட்டாவிலும் டிராமுக்குத் தரைக்கடியிலிருந்துதான் மின்சாரம் வருகிறதா என்று கேட்டிருந்தேன். விடை கிடைத்துவிட்டது: இல்லை.

"இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே பாருங்கள், பிறகு வண்டியின் கூரையைப் பாருங்கள்" என்று ஒருவர் சொன்ன யோசனைதான் கைகொடுத்தது. ஜார்ஜ் தெருவில் நடுவே மூன்றாவதாக ஒரு பட்டை ஓடும். டிராம் மேலே நிற்கும் துண்டுக்கு மட்டுமே மின்சாரம் பாயும், அதனால் மக்கள் மிதித்து நடக்கலாம். சர்ச் தெருவில் அப்படி எதுவுமே இல்லை, வெறும் தளம்தான். பிரின்ஸ் ஆல்பிரட் சதுக்கத்தில் நின்று பார்த்தேன். மேலே செல்லும் மின்கம்பியைத் தொட்டு மின்சாரம் எடுக்கும், வண்டிக் கூரையில் உள்ள கை அங்கே மடங்கிக்கொள்கிறது. அதன் பிறகு வண்டி தன்னிடம் சேமித்த மின்சாரத்தில் ஓடுகிறது. ஸ்பெயினின் காஃப் (CAF) நிறுவனம் தயாரித்த 45 மீட்டர் நீள வண்டி, சத்தமே இல்லாமல் நகர்வது அவ்வளவு அழகு!

எதிர்பாராத ஒன்றும் தெரிந்தது. இந்த டிராம் பாதையின் ஒரு முனையான கார்லிங்ஃபோர்ட் பக்கம் 2020 ஜனவரியில் மூடிய பழைய ரயில் தண்டவாளத்திலேயே டிராம் ஓடுகிறது என்று நம்பியிருந்தேன். அது தவறு. அந்தத் தடத்தின் நிலம் மட்டுமே பழையது. பெரும்பாலும் ஒற்றைப் பாதையாக இருந்ததைப் பெயர்த்துவிட்டு, புதிதாக இரட்டைப் பாதை போட்டிருக்கிறார்கள்.

வெஸ்ட்மீட் முதல் கார்லிங்ஃபோர்ட் வரை 12 கி.மீ., 16 நிறுத்தங்கள். 2024 டிசம்பர் 20 முதல் பயணிகள் சேவை நடக்கிறது. சில இடங்களில் தண்டவாளங்களுக்கு நடுவே புல் வளர்த்திருக்கிறார்கள். போகிறவர்கள் அதையும் கவனியுங்கள்.