ஒரு பெட்ரூம் ஃப்ளாட்டில் 35 பேருக்குப் பிறந்தநாள் விருந்து: வீடா, மினி ஹாலா?

நிலாவின் அம்மா:
மடிப்பாக்கத்தில் இரண்டாவது மாடியில் சொந்த ஃப்ளாட். பத்திரத்தில் 560 சதுர அடி, உள்ளே புழங்கக் கிடைப்பது 420 இருந்தால் அதிகம். ஹால் 10க்கு 14. ஒரு பெட்ரூம், ஒரே பாத்ரூம். பாப்பாவுக்கு அடுத்த மாதம் முதல் பிறந்தநாள். இரண்டு பக்கத்துச் சொந்தம், ஆபீஸ் தோழிகள், அவர்கள் குழந்தைகள் என்று எவ்வளவு வெட்டினாலும் 35 பேருக்குக் கீழே வரவில்லை. பக்கத்து மினி ஹாலில் விசாரித்தால் சாப்பாடு அவர்களிடம்தான் எடுக்க வேண்டுமாம், குறைந்தது 100 இலைக்குப் பணம் கட்ட வேண்டுமாம். வீட்டுக் கடன் ஓடிக்கொண்டிருக்கும் நேரம். வீட்டிலேயே செய்துவிடலாம் என்பது என் எண்ணம். மூச்சு விட இடமிருக்காது, வருகிறவர்கள் வீட்டைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்கிறார் கணவர். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

ஸ்டோர் வீட்டுக்காரர்:
தாராளமாகச் செய்யலாம் அம்மா. நான் திருவல்லிக்கேணியில் ஸ்டோர் வீட்டில், அதாவது ஒரே வளாகத்தில் பல குடித்தனங்கள் இருக்கும் வீட்டில், வளர்ந்தவன். ஒரு கூடம், ஒரு சமையலறை, கொல்லையில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு கழிப்பறை. அந்தக் கூடத்தில்தான் என் அக்காவுக்கு நிச்சயதார்த்தம் நடந்தது. ஐம்பது பேருக்குக் குறையாமல் சாப்பிட்டார்கள். இடம் போதவில்லை என்று யாரும் எழுந்து போகவில்லை. இப்போது எல்லாருக்கும் சோபா வேண்டும், மேடை வேண்டும், பின்னால் பலூன் வளைவு வேண்டும். இதையெல்லாம் கழித்துவிட்டால் 140 சதுர அடி நல்ல இடம்தான்.

முதல்மாடிக்காரன்:
ஸ்டோர் வீட்டில் நடந்த நிச்சயதார்த்தத்துக்கு மற்றக் குடித்தனக்காரர்களும் அழைக்கப்பட்டவர்கள்தானே சார்? கொஞ்சம் சத்தம் வந்தால் வந்துவிட்டுப் போகட்டும் என்று அவர்களும் இலையில் உட்கார்ந்திருப்பார்கள். இன்றைய ஃப்ளாட்டில் கீழ்வீட்டுக்காரனை யாரும் கூப்பிடுவதில்லை. சத்தம் மட்டும் தவறாமல் அவன் வீட்டுக்கும் வரும். எங்கள் மேல்வீட்டில் வருடத்துக்கு நான்கைந்து விசேஷம். மாடிப்படி முழுக்கச் செருப்பு. என் பார்க்கிங்கில் யாரோ ஒருவரின் ஸ்கூட்டர். எனக்குக் காலை ஐந்தரை மணிக்கு ஷிப்ட் பஸ். அவர்கள் பதினொன்றரைக்கு நாற்காலியை இழுத்து அடுக்குவார்கள். மறுநாள் பாத்ரூமில் குழாயைத் திறந்தால் காற்று வரும், ஓவர்ஹெட் டேங்க் காலி. சகோதரி, பணம் மிச்சமாகும் என்கிறீர்கள். அந்த மிச்சத்தில் ஒரு பங்கை மற்ற எட்டு வீடும் கட்டுகிறது. மினி ஹாலுக்கே போங்கள்.

ஸ்டோர் வீட்டுக்காரர்:
அப்படியானால் தனி வீடு வைத்திருப்பவன் மட்டும்தான் நாலு பேரைக் கூப்பிட்டுச் சோறு போடலாம், இல்லையா தம்பி? கடன் வாங்கி 560 சதுர அடி வாங்கியவள் பெற்ற பிள்ளையின் பிறந்தநாளுக்குக் கூட வாடகை இடம் தேட வேண்டும்.

முதல்மாடிக்காரன்:
நாலு பேர் என்றால் நான் ஏன் பேசப் போகிறேன்? 35 பேர் சார்.

சிவில் 98:
இரண்டு பேரும் கொஞ்சம் நில்லுங்கள். முதலில் சகோதரியின் கணவர் கேட்காத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இப்படிப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் தளம் தாங்குமா என்று பயமுறுத்துவார். குடியிருப்பு அறைகளின் தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ தாங்க வேண்டும் என்று ஐஎஸ் 875 என்கிற இந்தியத் தரக் குறிப்பு சொல்கிறது. 10க்கு 14 என்றால் 13 சதுர மீட்டர், ஆக 2,600 கிலோ. குழந்தைகளும் சேர்ந்த 35 பேர் மொத்தமாக அந்த ஹாலிலேயே நின்றாலும் 2,100 கிலோவைத் தாண்ட மாட்டார்கள். சோபாவையும் டீப்பாயையும் அன்றைக்கு வெளியே எடுத்துவிடுங்கள். ஒழுங்காகக் கட்டிய கட்டடத்தில் பயமில்லை. பால்கனி வேறு விஷயம். அதற்கு 300 கிலோ என்று கணக்கு இருந்தாலும், சுவரிலிருந்து நீட்டிக்கொண்டு நிற்கும் தளம் அது. பழைய கட்டடம், அதுவும் கடல் காற்று படும் இடம் என்றால் கம்பி துருப்பிடித்திருக்கும். அடியில் காரை உதிர்ந்து கம்பி தெரிகிற பால்கனியில் போட்டோவுக்காகப் பத்துப் பேரை நிறுத்தாதீர்கள்.

முதல்மாடிக்காரர் சொல்லும் சத்தம் உண்மை. ஆனால் காரணம் பாட்டு மட்டும் இல்லை. பேச்சையும் பாட்டையும் ஐந்து அங்குல கான்கிரீட் ஓரளவு தடுத்துவிடும். நாற்காலிக் கால், குழந்தைகள் குதிப்பது, உலக்கை மாதிரி எது தரையில் மோதினாலும் அது தளத்தின் வழியாகவே நேராகக் கீழே இறங்கும். பிளாஸ்டிக் நாற்காலியைத் தவிர்த்து இரண்டு தடித்த ஜமக்காளம் விரித்தால் பாதிச் சண்டை குறையும்.

முதல்மாடிக்காரன்:
மீதிப் பாதி?

ஸ்டோர் வீட்டுக்காரர்:
மீதிப் பாதிக்குச் சட்டம் இருக்கிறது. இரவு பத்து மணிக்கு முடித்துவிட்டால் யாரும் கேட்க முடியாது.

முதல்மாடிக்காரன்:
இப்படித்தான் எல்லாரும் சொல்கிறார்கள். 2000ஆம் வருட ஒலி மாசு விதிகளை முழுசாகப் படியுங்கள். இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை குடியிருப்புப் பகுதிக்கு 45 டெசிபல். பகலுக்கும் வரம்பு இருக்கிறது, 55 டெசிபல். சாதாரணமாகப் பேசினாலே ஏறக்குறைய அறுபது வந்துவிடும். பத்து மணி வரை காதைக் கிழிக்கலாம் என்று எந்த விதியிலும் எழுதவில்லை.

சிவில் 98:
அந்த வரம்பு பகுதியின் சுற்றுப்புறச் சத்தத்துக்கானது, உங்கள் ஹாலுக்குள் பேசுவதற்கானது இல்லை. ஆனால் பத்து மணி என்பது கத்துவதற்கான லைசென்ஸ் இல்லை என்பதில் உங்கள் பக்கம்தான்.

ஜுரோங் ஜானகி:
சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊரில் பெரும்பாலானவர்கள் வீவக, அதாவது அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடியில்தான் இருக்கிறோம். நாலறை வீடு என்றால் சுமார் 90 சதுர மீட்டர். உங்கள் வீட்டைவிடப் பெரியது, ஆனாலும் தீபாவளிக்குச் சொந்தம் முழுக்க ஒரே நேரத்தில் வந்தால் தாங்காது. அதனால் யாரும் மணி குறித்து அழைப்பதில்லை. காலையிலிருந்து இரவு வரை கதவு திறந்திருக்கும். ஒரு குடும்பம் முறுக்கும் பிரியாணியும் சாப்பிட்டு எழுந்தால் அடுத்த குடும்பம் வரும். பெரிய கூட்டம் என்றால் கீழ்த்தளம் இருக்கிறது. அடுக்குமாடியின் கீழே வீடு கட்டாமல் காலியாக விட்டிருப்பார்கள், நகர மன்றத்தில் அனுமதி வாங்கி மலாய்க்காரர்கள் திருமணமே அங்கே நடத்துவார்கள். சீனர்களின் இறுதிச் சடங்கும் அங்கேதான். சென்னை ஃப்ளாட்டுகளிலும் கீழே தூண்கள் மட்டும் நிற்கிற பார்க்கிங் இருக்கிறதே, சாப்பாட்டை மட்டும் அங்கே வைத்தால் என்ன?

முதல்மாடிக்காரன்:
அங்கே அது பொது இடம், அக்கா. இங்கே ஒவ்வொரு தூணுக்கு நடுவிலும் ஒருவர் நம்பர் எழுதி வைத்திருக்கிறார். எட்டுக் காரை வெளியே எடுத்துத் தெருவில் விட வேண்டும். ஈபி மீட்டர் போர்டும் அங்கேதான், சம்ப் மூடியும் அங்கேதான். அதன் மேல் ஷாமியானா கட்டி அடுப்பு மூட்டுவதை நினைத்தாலே எனக்கு வியர்க்கிறது.

ஜுரோங் ஜானகி:
அடுப்பு மூட்டச் சொல்லவில்லை. சமைத்ததை இறக்கி வைக்கத்தான்.

வத்சலா மாமி:
இவ்வளவு யோசனை எதற்கு? நவராத்திரிக்குக் கொலு வைக்கிறோமே, ஒன்பது நாளில் என் நானூறு சதுர அடி வீட்டுக்கு எத்தனை பேர் வந்து போகிறார்கள்! வருகிறவள் உட்கார்ந்தால் கால் மணி, சுண்டல், வெற்றிலை பாக்கு, குங்குமம், கிளம்பிவிடுவாள். சின்ன வீட்டுக்குக் கூட்டத்தைச் சிறிது சிறிதாக வரவழைப்பதுதான் வழி. நிலா அம்மா, காலையில் பாதிப் பேர், மாலையில் பாதிப் பேர் என்று பிரித்துக் கூப்பிடு.

நிலாவின் அம்மா:
மாமி, யாரைக் காலையில், யாரை மாலையில் என்பதுதான் பிரச்சினையே. எங்கள் பக்கம் காலை, அவர் பக்கம் மாலை என்று பிரித்தால் 'கேக் வெட்டும்போது நாங்கள் இல்லை' என்று பத்து வருஷத்துக்குப் பேச்சு வரும்.

வத்சலா மாமி:
அப்படிப் பிரிக்கவே கூடாது. இரண்டு பக்கத்துச் சொந்தமும் சேர்ந்து மதியம் இலைச் சாப்பாடு. அவர்கள் முன்னால் பாயசம் வைத்து ஆரத்தி எடுத்துவிடு. ஆபீஸ் தோழிகளும் குழந்தைகளும் மாலை ஐந்து மணிக்கு, அவர்களுக்குக் கேக். பெரியவர்களில் யாருக்காவது கேக் பார்க்க ஆசை இருந்தால் தாராளமாக உட்கார்ந்திருக்கட்டும், பாதிப் பேர் பஸ் பிடிக்க வேண்டுமென்று கிளம்பிவிடுவார்கள்.

ஸ்டோர் வீட்டுக்காரர்:
மாமி சொல்வது சரி. இலைக்கு இடக் கணக்கும் சொல்கிறேன். 14 அடிச் சுவரோரம் ஆளுக்கு இரண்டடி என்றால் ஏழு பேர், எதிர்வரிசையிலும் ஏழு. உட்கார்ந்தவரும் இலையுமாக ஒவ்வொரு வரிசைக்கும் மூன்றரை அடி போனால் நடுவில் பரிமாறுகிறவர் நடக்க மூன்றடி மிச்சம். கதவுப் பக்கம் இரண்டு இலையைக் குறைத்தால் பந்திக்குப் பன்னிரண்டு. மதியத்துக்கு இருபது பேர் என்றால் இரண்டே பந்தி. முட்டி வலிக்காரர்களுக்கு பெட்ரூமில் நாலு நாற்காலி.

முதல்மாடிக்காரன்:
ஒரே பாத்ரூம் என்று எழுதியிருக்கிறார். அதற்கு யாரும் கணக்குப் போடவில்லையே?

இன்வெர்ட்டர் இளங்கோ:
நியாயமான கேள்வி. நான் இன்னொன்றும் கேட்கிறேன், மூச்சு விட இடமிருக்காது என்று கணவர் சொன்னாரே, அதை ஏன் எல்லாரும் தாண்டிப் போகிறீர்கள்? சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடம்பே சுமார் 100 வாட் சூட்டை வெளியே விடும். 35 பேர் என்றால் 3,500 வாட். ஒரு டன் ஏசியால் இழுக்க முடிவது ஏறக்குறைய அவ்வளவுதான். வெயில், மேல்மாடிச் சூடு, அடுப்பு இதெல்லாம் தனி. அதோடு ஸ்பிளிட் ஏசி வெளிக் காற்றை உள்ளே கொண்டுவராது, இருக்கிற காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர வைக்கும். கதவு ஜன்னலை அடைத்து இத்தனை பேர் உட்கார்ந்தால் அரை மணியில் தலை கனக்க ஆரம்பிக்கும். ஏசியை நம்பாமல் எதிரெதிர் ஜன்னலைத் திறந்து ஃபேன் போடுங்கள். ஏசி, இண்டக்ஷன் அடுப்பு, கீசர், மைக்ரோவேவ் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு, லோடு கூடினால் தானாகக் கரண்டை நிறுத்தும் எம்சிபி சுவிட்ச் விழுந்தால் கேக் வெட்டும் நேரத்தில் இருட்டில் நிற்பீர்கள்.

அப்புறம், ஸ்னோ ஸ்பிரே. தயவுசெய்து வேண்டாம். பல டப்பாக்களில் நுரையைத் தள்ளுவதற்கு பியூட்டேன், புரொப்பேன் மாதிரி எரியும் வாயுதான். மெழுகுவர்த்திக்கு நேராக அடித்தால் தீ எழும். பெரிய ஹாலில் விலகி ஓட இடம் இருக்கும், பத்தடி ஹாலில் குழந்தையின் முகம் அங்கேயே இருக்கிறது. மேலே பறக்கிற பலூனும் அப்படித்தான், ஹீலியம் விலை அதிகம் என்று ஹைட்ரஜன் நிரப்பி விற்பவர்கள் உண்டு. வாயால் ஊதிய பலூனே போதும்.

முதல்மாடிக்காரன்:
பார்த்தீர்களா, தீ வரைக்கும் வந்துவிட்டோம். இதற்குத்தான் மினி ஹால் என்றேன்.

இன்வெர்ட்டர் இளங்கோ:
மினி ஹாலிலும் ஸ்பிரே அடிப்பார்கள் சார். அங்கே அவசர வழிக் கதவு முன்னால் பலூன் வளைவைக் கட்டி வைப்பதை நீங்கள் பார்த்ததில்லையா? அதோடு இவர் 35 பேருக்கு 100 இலைப் பணம் கட்ட வேண்டும். சாப்பிடாத 65 பேருக்கு யார் கடன் கட்டுவது?

வத்சலா மாமி:
பாத்ரூமுக்குப் பக்கத்து வீட்டில் முன்கூட்டியே கேட்டு வைக்கலாம். கீழ்வீட்டிலும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அவர்களையும் மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிடு.

முதல்மாடிக்காரன்:
மாமி, சாப்பாடு போட்டு வாயை அடைப்பது பழைய வித்தை. என்னையும் மேல்வீட்டில் ஒரு முறை கூப்பிட்டார்கள், போனேன். கேசரி நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் தண்ணீர் வராததை அந்தக் கேசரி தீர்க்கவில்லை. கூப்பிட வேண்டாம், நான் கேட்பது வேறு. முதல் நாளே மோட்டார் போட்டு டேங்க்கை நிரப்பி வைக்கட்டும். குடிக்க இரண்டு இருபது லிட்டர் கேன் வாங்கட்டும். வாளியில் தண்ணீர் பிடித்து வைத்துக் கைகழுவட்டும், குழாயைத் திறந்து விட வேண்டாம். செருப்பைச் சாக்கில் போட்டு வீட்டுக்குள்ளேயே வைக்கட்டும். வண்டி தெருவில் நிற்கட்டும்.

ஸ்டோர் வீட்டுக்காரர்:
அப்படியானால் வீட்டிலேயே செய்யலாம் என்று ஒப்புக்கொள்கிறீர்கள்.

முதல்மாடிக்காரன்:
இல்லை. செய்யப் போவது உறுதி என்றால் இப்படிச் செய்யட்டும் என்கிறேன். வருடத்துக்கு ஒரு தடவை என்றால் பொறுத்துக்கொள்ளலாம். முதல் பிறந்தநாள், காதுகுத்து, கல்யாண நாள் என்று நீண்டுகொண்டே போனால் மறுபடியும் இதையேதான் சொல்வேன்.

நிலாவின் அம்மா:
எல்லாருக்கும் நன்றி. மதியம், மாலை என்று பிரிக்கலாம் என்பதை அவரிடம் சொன்னேன், பேச்சைக் காணோம், யோசிக்கிறார் போல. கீழ்வீட்டு ஆன்ட்டியிடமும் கேட்டேன், மூன்றாம் ஞாயிறு வேண்டாம், அவர்கள் வீட்டில் திதி, இரண்டாவது ஞாயிறு வை என்றார். இப்போது வேறு குழப்பம். மதியத்துக்கு மட்டன் பிரியாணி வேண்டும் என்கிறார் மாமனார். ஒரு கிலோ அரிசிக்கு எட்டிலிருந்து பத்துப் பேர் என்றால் இருபது பேருக்கு இரண்டரைக் கிலோ போதுமா, மூன்றா?

வத்சலா மாமி:
எனக்குப் பிரியாணிக் கணக்குத் தெரியாது அம்மா. பாயசத்துக்கு வேண்டுமானால் சொல்கிறேன்.

ஸ்டோர் வீட்டுக்காரர்:
மூன்று கிலோவாகச் சொல்லிவிடு. மீந்தால் ராத்திரிக்கு ஆகும்.

முதல்மாடிக்காரன்:
ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டன் பிரியாணி. மாநகராட்சிக் குப்பை வண்டி மறுநாள் காலையில்தான் வரும். எலும்பையும் இலையையும் அதுவரை எங்கே வைக்கப் போகிறீர்கள்? எங்கள் மேல்வீட்டில் மாடிப்படியில் வைத்தார்கள், பூனை கிழித்துவிட்டது.