சூல்வித்தகத்தில் பூசப்பட்ட புடகம்: பிறபொருளெதிரி ஏன் சமிபாடடையவில்லை?

மல்லாவி மாணவி (உயர்தரம், உயிரியல்):
தாயின் ஐஜிஜி (ஒருவகைப் பிறபொருளெதிரி), கிளத்திரின் என்ற புரத உறையுள்ள புடகத்தில் (நுண்ணிய பையில்) சூல்வித்தகக் கலத்துக்குள்ளே வருகிறது என்று படித்தோம். அப்படி வரும் புரதம் கலத்தின் சமிபாட்டுப் பையான இலைசோசோமுக்குத்தானே போகவேண்டும்? பள்ளிக்கூட நுணுக்குக்காட்டியில் இந்தப் புடகத்தைப் பார்க்கலாமா?

வவுனியா ஆசிரியர்:
தங்கச்சி, பார்க்க ஏலாது. புடகம் ஏறக்குறைய 100 நானோமீற்றர். ஒளி நுணுக்குக்காட்டி 200க்குக் கீழே பிரித்துக் காட்டாது. இலத்திரன் நுணுக்குக்காட்டிதான் வேணும்.

உறை கடைசிவரை கூடப் போவதில்லை, பலர் பிழைவிடுவது இங்கேதான். கலமென்சவ்வு உள்மடிந்த குழியின் கழுத்தை டைனமின் என்ற புரதம் அறுத்ததும் கிளத்திரின் கழன்றுவிடும். உறையில்லாத புடகம், உள்ளே வந்தவற்றைத் தரம்பிரிக்கும் எண்டோசோமோடு சேரும். அங்கே பீஎச் 6 அளவுக்கு இறங்க, ஐஜிஜி எஃப்சிஆர்என் வாங்கியில் (ஐஜிஜியைப் பிடிக்கும் புரதத்தில்) ஒட்டிக்கொள்ளும். ஒட்டியது தப்பும், ஒட்டாத புரதம் இலைசோசோமில் அழியும். முதிர்கருப் பக்கம் பீஎச் 7.4, அங்கே பிடி விடும்.

கிளிநொச்சி தாதி:
ஐஜிஎம் என்ற மற்றப் பிறபொருளெதிரி கடக்காது, அதற்கு இந்த வாங்கி பொருந்தாது. ஐஜிஜியின் உபவகைகளில் ஐஜிஜி1 நன்றாகப் போகும், ஐஜிஜி2 குறைவு. பெரும்பகுதி கடைசி மூன்று மாதத்தில்தான் கடக்கும், ஆகவே 28 கிழமையில் பிறக்கும் பிள்ளைக்குக் கையிருப்புக் குறைவு. ஏற்பு (டெட்டனஸ்) தடுப்பூசியின் இரண்டாவது ஊசியைப் பிரசவத்துக்குக் குறைந்தது 2 கிழமைக்கு முன் போடச் சொல்வதும் பிறபொருளெதிரி உருவாகிப் பிள்ளைக்குக் கடக்க நேரம் வேணும் என்பதால்தான்.

மல்லாவி மாணவி:
இரும்பைக் காவும் புரதமான டிரான்ஸ்பெரினும் இதே வழியா சேர்?

வவுனியா ஆசிரியர்:
உள்ளே வரும் வழி அதேதான். ஆனால் அமிலத்தில் இரும்பை விட்டுவிட்டு, புரதம் தாயின் குருதிக்கே திரும்பிவிடும்.